ஜெயில் வாசலில் யார் நிற்கிறார்கள்? வாச்சாத்தியிலிருந்து குண்டூர் நாடு வரை

நண்பர்களே, இது நீளமான இழை. அவசர வேலை இருந்தா சேவ் பண்ணிட்டு ராத்திரி படிங்க.

வழக்கமா சர்க்கரை, பிபி, நாய்க்கடி ஊசின்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு ஜெயிலைப் பத்தி எழுதுறேன். காரணம், கொல்லிமலை குண்டூர் நாட்டுல நாங்க சில பேர் சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பிச்சிருக்கோம். ஜெயிலுக்குப் போய்ட்டு வர்றவங்களுக்குத் துணையா இருக்கிற வேலை. பெயர் இல்லை, போர்டு இல்லை, ரசீது புத்தகமும் இல்லை. ஆரம்பிச்சதும் ஊர்ல கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் எங்கயாவது நடந்திருக்குங்களா?"

நடந்திருக்கிறது. நம்ம ஜனங்களுக்கே, பக்கத்து மலை அடிவாரத்திலேயே. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் மருத்துவராக ஒரு விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது கையில் ஒரு சம்மரி கொடுக்கிறோம். என்ன நோய், என்ன செய்தோம், என்ன மாத்திரை, திரும்ப எப்போது வரவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஜெயிலில் இருந்து வெளியே வருபவருக்கு? உள்ளே போகும்போது வாங்கி வைத்த சட்டை, செல்போன், பர்ஸ் திரும்பக் கிடைக்கும். ஒரு கையெழுத்து. பிறகு கதவு. அடுத்த வேளை இன்சுலின் எங்கே, டிபி மாத்திரை எந்த ஊர் ஆஸ்பத்திரியில், மனநல மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதின சீட்டோடு என்னிடம் வந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இது சின்ன விஷயமில்லை. 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வெளியே வந்த முதல் 2 வாரத்தில் அவர்கள் சாகும் ஆபத்து மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. போதை மருந்து அளவு மீறியது, மாரடைப்பு, கொலை, தற்கொலை என்று காரணங்கள். அங்கே பெரிய காரணம் போதை மருந்து. அதனால் அந்த எண்ணை அப்படியே தூக்கி நம் மலைக்குப் பொருத்த முடியாது. இங்கே அந்த இடத்தில் சாராயமும் பூச்சிமருந்தும் இருக்கின்றன. ஆனால் முதல் 2 வாரம் ஆபத்தான காலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு எண்ணையும் மனசுல வெச்சுக்கோங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. விடுதலைக்குப் பிந்தைய உதவி, தொழில் கடன், நன்னடத்தை அலுவலர் என்று அரசாங்கத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தண்டனை முடித்து வருபவரை மனதில் வைத்து உருவானவை. ஜாமீனில் வருபவரும், 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று வருபவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம்ம ஊருக்குத் திரும்பி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க இவங்கதான்.

சரி, வரலாறு.

ஜெயில் வாசலில் போய் நின்று, வெளியே வருபவரைக் கையோடு அழைத்துப் போவது 19-ம் நூற்றாண்டிலேயே ஒரு இயக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் விடுதலையான கைதிகளுக்கான உதவிச் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1883-ல் சால்வேஷன் ஆர்மி (நம்ம ஊர்ல இரட்சணிய சேனை) 'சிறை வாசல் படை' என்று ஒன்றை ஆரம்பித்தது. காலையில் கதவு திறக்கும்போது இவர்கள் வெளியே நிற்பார்கள். தங்க இடம், சாப்பாடு, வேலை. அந்த ஏற்பாடு கொழும்புக்கும் வந்தது. இந்தியாவில் இதை எடுத்து நடத்தியவர் பிரெடரிக் பூத் டக்கர். ஐ.சி.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். நல்ல எண்ணத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1871-ல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தெற்கே கைரேகைச் சட்டம் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். ஒருவர் எந்தத் தப்பும் செய்ய வேண்டாம், அந்தச் சாதியில் பிறந்திருந்தாலே பதிவேட்டில் பெயர். அவர்களை அடைத்து வைக்க அரசாங்கம் குடியிருப்புகளை உருவாக்கியபோது, நடத்திக்கொடுக்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் இதே சால்வேஷன் ஆர்மிக்காரர்கள். பாபட்லா பக்கம் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி 1910-களில் உருவான ஊர். எருகுலா மக்களை அங்கே குடிவைத்தார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஜெயில் வாசலில் வரவேற்க நின்றவர்கள் கையிலேயே இன்னொரு வாசலின் சாவி! இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் ஒழிந்தது. ஆனால் ஸ்டூவர்ட்புரத்துக்காரர் என்றாலே திருடர் என்ற பெயர் அதற்குப் பிறகும் பல காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் கூட்டத்தில் ஒருவர், "வர்றவங்களை ஒரு இடத்துல தங்க வெச்சு கவனிச்சுக்கலாமே" என்றார். வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு இந்தக் கதைதான் காரணம். தங்க வைப்பது சீக்கிரமே அடைத்து வைப்பதாக மாறிவிடும். அவங்க அவங்க வீட்டுக்குப் போகட்டும். நாம அங்க போவோம்.

இப்போது நம் மலைகளுக்கு வருவோம்.

வெளியூர் நண்பர்களுக்காக: கொல்லிமலை பல நாடுகளாகப் பிரிந்தது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, அந்த வரிசையில் எங்கள் குண்டூர் நாடு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது பஞ்சாயத்துப் பெயராகத்தான் தெரியும். இங்கே வாழும் மலையாளி மக்களுக்கு (கேரளா இல்லீங்க, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி) நாடு என்பது ஊர்க்கவுண்டர், ஊர்க்கூட்டம், தண்டம், ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது, திரும்பச் சேர்த்துக்கொள்வது எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாடு. காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று கதை சொல்வார்கள். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று எல்லா மலையிலும் இருப்பது ஒரே சனம். பொண்ணு கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டாலும் ஒருவர் கதை இன்னொருவருக்குப் புரியும்.

வாச்சாத்தி, சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் மலையாளி கிராமம். தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் ஊருக்குள் நுழைந்தார்கள். மொத்தம் 269 அரசு ஊழியர்கள். ஊர் மக்களை இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் உண்டு. பிறகு 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் மலைக்கு ஓடிவிட்டார்கள்.

இந்தக் கொடுமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், படமும் வந்திருக்கிறது. ஜெயிலில் இருந்து வந்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் நமக்கு வேண்டியது.

சேலம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. உடைத்திருந்தார்கள். தானியம் இல்லை, ஆடு கோழி இல்லை, கிணறுகள் பாழாக்கப்பட்டிருந்தன. ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பேப்பர் எதுவும் இல்லை. மேலே ஒரு வழக்கு. கூடவே வெளியே சொல்ல முடியாத ஒரு காயம். ஒரு மருத்துவராக யோசித்துப் பார்க்கிறேன். உடல், மனம், கடன், வழக்கு, ஊர்ப்பேச்சு எல்லாம் ஒரே ஆளின் தலையில். இவர்களில் ஒருவரை எந்த டிபார்ட்மென்ட்டுக்கு ரெஃபர் செய்வது?

அந்த இடத்தில் வந்து நின்றது ஒரு சங்கம். 1992 ஜூலையில் பழங்குடி மக்கள் சங்கத்தின் கூட்டம் சித்தேரி மலையில் நடந்தது. வாச்சாத்தியில் என்னமோ நடந்திருக்கிறது என்ற பேச்சு அங்கேதான் வெளியே வந்தது. பெ. சண்முகம் உள்ளிட்ட சங்கத்துக்காரர்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆளே இல்லாத ஊர். மலையில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பேசி, நடந்ததைக் கேட்டு வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் வழக்குத் தொடர்ந்தார். அரசு தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதற்குப் பிறகு தீர்ப்பு வர 16 வருஷம். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டிருந்தார்கள். 17 பேருக்கு பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை. மேல்முறையீட்டில் நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் 29, அதே தேதியில், தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், வேலைக்கு வழி என்று உத்தரவிட்டார். 31 வருஷம்!

இந்த வருஷக் கணக்கை ஒரு பெண்ணின் பக்கத்தில் இருந்து எண்ணிப் பாருங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி போச்சு. பஸ் பிடிச்சுப் போய், கூண்டில் ஏறி, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லணும். எதிரே யூனிஃபார்ம் போட்டவங்க. ஊருக்குத் திரும்பினா குழந்தைக்குக் காய்ச்சல். இதை ஒருத்தர் தனியா 3 வருஷம்கூடச் செய்ய முடியாது. அவர்கள் உறுதியாக நின்றதற்கு அவர்களுடைய மனத்திடம் முதல் காரணம். கூடவே, ஒவ்வொரு தடவையும் கூட வர ஆள் இருந்தது இரண்டாவது காரணம். கட்சி பிடிக்கும் பிடிக்காது என்பது வேறு. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் 30 வருஷம் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது எவ்வளவு பெரிய வேலை என்று மலையில் வேலை பார்க்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இதே சித்தேரியில் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் கதை முழுசாகும்.

2013 டிசம்பரில் திருமலைக் காட்டில் 2 வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகக் கைதானார்கள். ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகளின் பழங்குடி மக்கள் இந்தக் கூலிகளில் நிறைய. 2 வருஷத்துக்கு மேல் ஆந்திரச் சிறையில் இருந்தார்கள். வழக்கை எடுத்து நடத்திய வக்கீல்களும் குடியுரிமை அமைப்பினரும் விடாமல் போராடினார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் தமிழ்நாட்டைச் சேர்ந்த 280-க்கும் மேற்பட்டவர்கள் உட்பட எல்லாரையும் விடுவித்தது. நடுவில் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர அதிரடிப்படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அதில் 7 பேர் தருமபுரி மாவட்டம், சித்தேரி மலைப் பகுதிக்காரர்கள்.

1992-ல் கூட்டம் நடந்த அதே மலை. வழக்கில் விடுதலை கிடைத்தது உண்மை. ஆனால் ஊருக்கு வந்தால் நிலைமை என்ன? குடும்பம் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் வாங்கிய வட்டிக் கடன், 2 வருஷமாகத் தரிசாகக் கிடந்த காடு, அப்பா இல்லாமல் படிப்பை நிறுத்தின பையன். இந்த நிலையில் இருப்பவரின் வாசலுக்கு முதலில் வருவது அட்வான்ஸ் பணத்தோடு வரும் புரோக்கர். மேஸ்திரி என்று மரியாதையாகச் சொல்வார்கள். அவனும் ஒரு வகையில் ஜெயில் வாசலில் காத்திருப்பவன்தான். நாம் போகாத வீட்டுக்கு அவன் போகிறான்.

ஜாமீன் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. வெளியூர் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூர்க்காரர் ஜாமீன்தாரராக வரவேண்டும் என்பார்கள். மலைக்காரருக்கு ஆந்திராவில் யார் இருக்கிறார்கள்? 1978-ல் மோத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், தம்பி கொடுத்த ஜாமீனை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். (பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1948-ல் தானே ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவர். பிறகு கேரளத்தில் சிறைத்துறை அமைச்சர். அந்த அனுபவம் தீர்ப்பில் தெரியும்.) தீர்ப்பு வந்து இவ்வளவு காலமாகியும் கீழே நடைமுறை பெரிசா மாறலைங்கறது வேற கதை.

குண்டூர் நாட்டுக்கு வருகிறேன். கொல்லிமலையில் நான் பார்ப்பது சின்ன வழக்குகள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, சாராயம், வனத்துறை வழக்கு, குடும்பத் தகராறில் அடிதடி.

போன வருஷம் ஓ.பி.க்கு ஒரு அண்ணன் வந்தார். ரேண்டம் சுகர் 430. மாத்திரை எப்ப நிறுத்தினீங்கன்னு கேட்டேன். "உள்ள இருந்தப்ப தினம் குடுத்தாங்க டாக்டர். வெளிய வந்து அஞ்சு வாரம் ஆச்சு. என்ன மாத்திரைன்னே தெரியலைங்க." மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வரவில்லை. விசாரித்தால், திரும்ப உள்ளே. புதுசாக எந்தத் தப்பும் செய்யவில்லை. மரவள்ளி பிடுங்குற நேரம், வாய்தா தேதியை மறந்துவிட்டார். கோர்ட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. பிடிவாரண்ட். அவ்வளவுதான். ஒரு தேதியை ஞாபகப்படுத்த ஆள் இருந்திருந்தால் அவர் சுகர் இன்றைக்கு கன்ட்ரோலில் இருந்திருக்கும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2006-ல் 'டிரான்சிஷன்ஸ் கிளினிக்' என்று ஒன்றை இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்தார்கள். ஜெயிலில் இருந்து வருபவர்களுக்கான கிளினிக். அங்கே சுகாதாரப் பணியாளராக வைத்திருப்பது, ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய் வந்தவர்களை. டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர், அவர் சொன்னால் கேட்பார். அந்த அண்ணனும் இப்போது வெளியே வந்துவிட்டார். எங்கள் கூட்டத்தில் வாய்தா நோட்டு அவரிடம்தான் இருக்கிறது.

ஆமாம், நோட்டு. எங்கள் சொத்து இப்போதைக்கு அது ஒன்றுதான். 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. அதில் 6 பேர். பெயர், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா, வக்கீல் யார், என்ன மாத்திரை, வீட்டில் யாருக்கு என்ன கடன். முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். போக ஆளில்லாவிட்டால் கூடவே ஒருவர் நாமக்கல் போவார். பஸ் காசு பொதுவில். ஊர்க்கவுண்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒதுக்கி வெக்கிறதுக்கு கூட்டம் போடுறோம், சேர்த்துக்கறதுக்கும் போடலாம்" என்றார். எல்லாருக்கும் இதில் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். அடிதடி வழக்கில் அடிபட்டவர் வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்கும் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. அது இன்னும் முடியவில்லை.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உபயோகப்படும் விஷயம் ஒன்று: 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். உதவி எண் 15100. 2023-ல் இருந்து, ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவ மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை போய்க் கேளுங்க.

செம்மேடு, சோளக்காடு, குண்டூர் நாட்டுப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு: நோட்டில் அடுத்த வாரம் 2 வாய்தா இருக்கிறது. புதன்கிழமைக்கு ஆள் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாமக்கல் வரைக்கும் கூடப் போய் வர ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்க.